உளுந்து சுற்றிய ஒயர்

ரியாஸ்,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. மறதியால் அல்ல. உன் மாமா அடுத்த வாரம் மகளைப் பார்க்கப் பெங்களூருக்குப் போகிறார், வழியில் ஓசூரில் இறங்கி இதை உன் கையில் கொடுப்பார். கொடுப்பதற்கு முன்னால் அவர் படித்துக்கொள்ளலாம். உன் அம்மா ஏற்கெனவே படித்துவிட்டாள், இரண்டு இடத்தில் திருத்தமும் சொன்னாள். வேறு யார் கேட்டாலும் காட்டச் சொல்லியிருக்கிறேன். தகப்பன் மகனுக்கு எழுதுவதை ஊர் ஏன் படிக்க வேண்டும் என்று நீ கேட்கலாம். நான்கு வருடங்களுக்கு முன் உன்னைப் பற்றி நான் ஒரு பேச்சுப் பேசினேன். அதை வீட்டுக்குள் வைத்துப் பேசவில்லை. டீக்கடை வாசலில், கிளாஸும் கையுமாக நின்று, நாலு பேர் சிரிக்கும்படி பேசினேன். அப்படிப் பேசியதை உன் காதோடு காதாக மட்டும் திரும்ப எடுத்துக்கொள்வது முறையில்லை. அதனால்தான் திறந்த உறை.

உன் நிக்காஹுக்கு இன்னும் முப்பத்தோரு நாள் இருக்கிறது. அம்மா தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது சத்தமாக எண்ணுகிறாள். முந்தாநாள் நீ அவளுக்குப் போன் செய்து, மாப்பிள்ளை காரை நிக்காஹ் நடக்கிற கும்பகோணத்திலேயே வாடகைக்குச் சொல்லிவிட்டதாகவும், அத்தா சிரமப்பட வேண்டாம் என்றும் சொன்னாயாம். அதை என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.  நம் வெள்ளைக் காருக்கு அப்போதுதான் புது சீட் உறை மாட்டி முடித்திருந்தேன். நீ அந்தக் காரில் ஏறி நான்கு வருடமாகிறது. பெருநாளுக்கு ஊருக்கு வந்தாலும் மன்னார்குடியில் இறங்கி டவுன் பஸ் பிடித்துத்தான் வருகிறாய். நான் வந்து கூட்டிக்கொண்டு வரவா என்று கேட்டால், "வேணாங்க அத்தா, பஸ்ல வந்துக்கிறேன்" என்பாய். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாய். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. நீ ஒரு தடவை என்னிடம் சண்டை போட்டிருந்தால் இந்தக் கடிதத்தை நான் எப்போதோ எழுதியிருப்பேன்.

கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன், பொறுத்துக்கொள். நான் சவூதியில் பதினான்கு வருடம் காருக்கு ஒயரிங் வேலை பார்த்தேன். நம் கூத்தாநல்லூரில் பிறந்தவன் வெளிநாடு போகாவிட்டால்தான் ஏன் என்று விசாரிப்பார்கள், போனவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அங்கே வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்வேன். "எப்படி இருக்கீங்க?" என்பேன். "நல்லா இருக்கோம்ங்க" என்பாள் உன் அம்மா. அவ்வளவுதான், எனக்கு நிம்மதி. ஒரு வருடம் லீவில் வந்தபோதுதான் அவள் வயிற்றில் தையல் தழும்பைப் பார்த்தேன். குடல்வால் ஆபரேஷனாம், தஞ்சாவூரில் ஆறு நாள் படுத்திருந்தாளாம். அந்த வாரமும் நான் போன் செய்திருக்கிறேன், உன் மாமா அவள் காதில் போனை வைத்திருக்கிறார், படுத்துக்கொண்டே "நல்லா இருக்கோம்ங்க" என்று சொல்லியிருக்கிறாள். நானும் நம்பிவிட்டுக் கீழே இறங்கிப் போய் பிரியாணி சாப்பிட்டிருப்பேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குச் சௌகரியமாக இருந்த பேச்சை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பியவன் நான். உன் விஷயத்தில் எனக்குச் சௌகரியமில்லாத பேச்சு வந்தபோது ஆதாரம் கேட்டேன்.

அந்த ஊரில் என்னை எது வாட்டியது என்று நினைக்கிறாய்? சோறு இல்லை, வெயில் இல்லை. பங்குனி, சித்திரையில் நம் ரோட்டில் காயும் உளுந்துதான். தாளடி நெல் அறுப்பு முடிந்த வயலில் விளைந்த உளுந்தைச் செடியோடு பிடுங்கி வந்து ரோட்டில் பரப்பி வைப்பார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி அடித்துக் கொடுக்கும். அடிக்கிற கூலி மிச்சம். நம்மைப் போல் கார்க்காரனைப் பார்த்தால் ஓரமாக நிற்கிற அம்மாள் கையை ஆட்டி, "ஏறிப் போங்க பாய், ஏறிப் போங்க" என்பாள். டயருக்கு அடியில் காய்கள் வெடிக்கிற சத்தமும், அப்போது வருகிற பச்சையும் புழுதியும் கலந்த வாசனையும் பதினான்கு வருடம் எனக்குக் கிடைக்கவில்லை. திரும்பி வந்து ஊரிலேயே கார் ஒயரிங் கடை வைத்து, இந்தப் பழைய காரை வாங்கியதும் நான் செய்த முதல் காரியம், உன்னை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு மன்னார்குடி ரோட்டில் உளுந்து தேடிப் போனதுதான். உனக்குப் பன்னிரண்டு வயது. அதுவரை லீவில் வந்து போகிற விருந்தாளியாகத்தான் என்னைப் பார்த்திருந்தாய், பேசக் கூச்சப்படுவாய். உளுந்து மேல் ஏறியதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "இன்னொரு தடவ அத்தா, இன்னொரு தடவ" என்று கத்தினாய். நான் வண்டியைத் திருப்பி மறுபடியும் ஏறினேன். அந்த அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நாம் அன்றைக்கு ஐந்து தடவை ஏறினோம். நீ என்னை அத்தா என்று கூப்பிடப் பழகியது அந்த ரோட்டில்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா அப்படி இல்லை என்பாள். அவளுக்கென்ன, அவள் அங்கே இல்லை.

அதிலிருந்து எனக்கு அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ரோட்டில் பாதியில்தான் உளுந்து இருக்கும், மற்றப் பாதி காலியாக இருக்கும், நான் ஸ்டீயரிங்கை ஒடித்து உளுந்து மேல்தான் போவேன். எஞ்சினுக்கு அடியில் கல்லும் சேறும் அடிக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு உண்டு இல்லையா, அது ஒரு வேகத்தடையில் இடித்து உடைந்து போனது. புதுசு வாங்கி மாட்ட வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே வருடம் போனது. அடுத்தவன் காரில் அந்தத் தட்டு இல்லையென்றால் பத்து நிமிடம் திட்டுகிறவன் நான். நீ காலேஜ் கடைசி வருடம் படிக்கும்போது ஒரு நாள் சொன்னாய்: "அத்தா, அடியில தட்டு இல்ல. செடி உள்ள போயி சுத்திக்கும். ஓரமாப் போங்க." நான், "நீ எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்றியாடா?" என்று கேட்டுவிட்டு, வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி ஏற்றினேன். ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இருக்கும்.

அந்த வருடம்தான் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்க ஆரம்பித்தது. வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன், கிராங்க் சென்சார் என்று காட்டியது. இதைப் படிக்கிற உன் மாமாவுக்காகச் சொல்கிறேன், அது சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சாமான். எஞ்சின் சுற்றுகிறதா, எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்கு அதுதான் சேதி சொல்லும். சேதி வரவில்லையென்றால் எஞ்சின் நின்றுவிட்டதாகவே கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு டீசலை நிறுத்திவிடும். இப்படி வந்தால் செய்ய வேண்டியது என்ன என்று கடைக்கு வருகிற மெக்கானிக்குகளிடம் நான் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். சென்சார் கெட்டுவிட்டது என்று ஸ்கேனர் சொல்லவில்லை, சென்சாரிலிருந்து சேதி வரவில்லை என்றுதான் சொல்கிறது. நடுவில் ஒயர் இருக்கிறது. முதலில் அடியில் படு, ஒயரைக் கையால் தடவு, மீட்டரை வைத்துக்கொண்டு வளைத்துப் பார், அப்புறம் சாமானை மாற்று. வருகிறவனுக்கெல்லாம் இதைச் சொன்ன நான், என் சொந்த வண்டிக்கு என்ன செய்தேன்? இடுப்பு வலி, அடியில் படுக்கச் சோம்பல். மன்னார்குடி செல்வராஜ் கடையில் புது சென்சார் வாங்கி, மேலிருந்தே கையை விட்டு மாட்டிவிட்டேன். மாட்டும்போது ஒயர் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்திருக்க வேண்டும், வண்டி நாகூர் போய்வந்தது, ஒன்றும் செய்யவில்லை. சரியாகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் உனக்குத் திருச்சியில் இன்டர்வியூ. மாமா யார் யாரையோ பார்த்துச் சொல்லிவைத்த வேலை. முதல் நாள் சாயங்காலம் நீ, "பஸ்லயே போயிடறேங்க அத்தா, வண்டி மேல இன்னும் நம்பிக்கை வரல" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. நான் பார்த்த வண்டி மேல் என் மகனுக்கே நம்பிக்கை இல்லை என்றால் ஊரான் எப்படி என் கடைக்கு வருவான்? "கார்லதான் போற, கௌரவமாப் போயி இறங்கு" என்று சாவியை உன் சட்டைப் பையில் நானே போட்டேன். இன்னொரு விஷயமும் என் மனதில் இருந்தது. அதற்கு முந்தைய வாரம் நீ அம்மாவிடம், வேறு வேலை வேண்டாம், அத்தாவோடு கடையிலேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாய். அவள் சந்தோஷமாக வந்து சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. அடுத்தவன் வண்டிக்கு அடியில் படுத்துக்கிடக்கவா இவனைப் படிக்க வைத்தேன் என்று கத்தினேன். என்னோடு இருக்க ஆசைப்பட்டுத்தான் நீ அப்படிக் கேட்டாய் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. பதினான்கு வருடம் தள்ளி இருந்தவன் மகன் தன்னோடு இருக்க ஆசைப்படுவான் என்று எப்படி நினைப்பான்?

காலை ஆறரைக்குப் போனவன் மத்தியானம் ஒரு மணிக்குத் திரும்பி வந்தாய். வண்டி வாசலில் வந்து ஒழுங்காக நின்றது, எஞ்சின் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. நீ சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன், தப்பிருந்தால் சொல். "வடுவூர் தாண்டி நின்னு போச்சுங்க அத்தா. ஆறவச்சு எடுத்தேன், மறுபடியும் நின்னுது. மூணாவது தடவ ஒரு டிராக்டர்காரர் வந்து பேட்டரி வயரைக் கழட்டி மாட்டச் சொன்னாரு, அதுக்கப்புறம்தான் ஓடுச்சு. தஞ்சாவூர் போறதுக்குள்ள பதினொன்னு. கம்பெனிக்குப் போன் பண்ணேன், இனி வர வேணாம்னுட்டாங்க." நான் ஸ்கேனரை எடுத்து வந்து மாட்டினேன். ஒன்றுமில்லை. ஒரு தவறும் பதிவாகவில்லை. அந்தத் திரையை உன் முகத்துக்கு நேரே பிடித்து, "மெஷின் பொய் சொல்லுதா, நீ பொய் சொல்றியா?" என்று கேட்டேன். பேட்டரி ஒயரைக் கழற்றினால் நம் வண்டி மாதிரிப் பழைய வண்டிகளில் பதிவெல்லாம் அழிந்துபோகும். இது எனக்குத் தெரியாதா? முப்பது வருடத் தொழில், ரியாஸ். நீ கழற்றியதை உன் வாயாலேயே சொன்னாய். என் காதில் அது விழுந்தது, மனதில் விழவில்லை. உன் வெள்ளைச் சட்டையின் கைப்பட்டியில் கருப்பாக மசகு இருந்ததையும் பார்த்தேன். இன்டர்வியூவுக்குப் போகப் பிடிக்காதவன் எங்கேயாவது நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கியிருப்பான், பானெட்டைத் திறந்து கையை விட்டிருக்க மாட்டான். இதுகூடத் தோன்றவில்லை எனக்கு. அந்தக் கறை எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. சட்டை இன்னும் தன் பீரோவில் இருக்கிறது, அதை எழுதுங்கள் என்றாள் அம்மா. அவள் சொன்ன முதல் திருத்தம் அது.

நீ சாவியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாய். நான் அதோடு விட்டேனா? அன்று சாயங்காலமே டீக்கடை வாசலில் ஆரம்பித்தேன். "தொரைக்கு இன்டர்வியூ போக மனசில்ல. என் கையால பார்த்த வண்டி, இவன் போற அன்னிக்குன்னு பார்த்து மூணு தடவ நின்னுச்சாம். சென்சாரு இவன்கிட்ட மட்டும் கோவிச்சுக்கிச்சாம்!" எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கும்படி சொல்ல எனக்கு வரும் என்பது உனக்குத் தெரியும். மாமாவிடம் போய், உங்கள் மானத்தை வாங்கிவிட்டான் என்று சொன்னேன். செல்வராஜிடம் சொன்னேன். ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில், தொழவைத்த அஜரத் விசாரித்தபோது அவரிடமும் சொன்னேன். பிறகு யாராவது ஒரு காரணத்தைச் சொல்லித் தப்பித்தால் "உன் சென்சாரு கோவிச்சுக்கிச்சா?" என்று கேட்பது தெருவில் ஒரு பேச்சாகவே ஆனது. உன்னையும் அப்படிக் கேட்டார்கள், நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். பத்து நாளில் நீ ஓசூர் போனாய். நீ கோபித்துக்கொண்டு போனதாக முதலில் இங்கே எழுதியிருந்தேன். "அவன் கோவமாப் போகலங்க. உக்காந்து சாப்பிட்டான், உங்ககிட்ட சலாம் சொன்னான், பஸ் ஏறினான்" என்றாள் அம்மா. அவள் சொன்ன இரண்டாவது திருத்தம். சரி, அப்படியே இருக்கட்டும்.

நீ போன நான்காம் மாதம் வண்டியின் ஸ்டார்ட்டர் மோட்டார் மக்கர் செய்தது. அதைக் கழற்ற அடியில் படுக்காமல் முடியாது, படுத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால், ஆக்சில் பக்கத்தில் குருவிக்கூடு மாதிரி ஒரு பொதி. இழுத்துப் பிரித்தேன். காய்ந்த உளுந்துச் செடி. ஒரு வருடத்துச் செடி இல்லை, எத்தனையோ வருடத்துச் செடி ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றிக் கயிறாக முறுகிக் கிடந்தது. அதன் நடுவில் கிராங்க் சென்சாருக்குப் போகிற ஒயர். அதைப் பிடித்துவைத்திருந்த கிளிப் உடைந்து, ஒயர் தொங்கி, செடி அதை இழுத்து இழுத்து... மேலே ரப்பர் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. மீட்டரை வைத்து நீட்டிப் பிடித்தேன், இணைப்பு இருப்பதாக எண் வந்தது. கொஞ்சம் வளைத்தேன், எண் போய்விட்டது. நீட்டினால் வருகிறது, வளைத்தால் போகிறது. உள்ளே செம்பு இழை முழுக்க அறுந்து ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தது. எஞ்சின் சூடேறி அசைந்தால் விலகும், ஆறினால் தொடும். நீ சொன்னது அத்தனையும் நிஜம். ஆறவைத்து எடுத்ததும் நிஜம், மறுபடி நின்றதும் நிஜம். செடி சுற்றிக்கொள்ளும் என்று நீ முன்னாலேயே சொன்னதும் நிஜம். சென்சார் ஒரு நாளும் கெடவே இல்லை. ஒயர் கெட்டுப்போனது என் ஆசையால், நீ பன்னிரண்டு வயதில் கேட்ட "இன்னொரு தடவ"யை நான் பத்து வருடம் நிறுத்தாமல் செய்துகொண்டிருந்ததால். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடியே அழுதேன். வாசலில் நின்ற வாடிக்கைக்காரர், "என்ன பாய், கண்ல தூசு விழுந்துருச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்திருக்கலாம். கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். நாளைக்குப் பேசலாம் என்று நினைத்தேன். பெருநாளுக்கு வருவான், நேரில் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ வந்தாய், தொழுதுவிட்டு வந்து என்னைக் கட்டித் தழுவினாய், என் வாய் திறக்கவில்லை. அந்த ஒயரை வெட்டி எடுத்து, செடியோடு சேர்த்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கடை அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். புது ஒயர் இழுத்து, அடித்தட்டும் வாங்கி மாட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவிடம்கூட. அவள் மட்டும்தான் ஆரம்பத்திலிருந்தே, "அவன் பொய் சொல்ல மாட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? ஒன்றைத் தெரியாமல் செய்தேன் என்றால் அது தப்பு. தெரிந்த பிறகும் மூன்றரை வருடத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு என்ன பெயர் என்று நீயே வைத்துக்கொள். கடையில் நல்ல பெயர் போய்விடும் என்ற பயமும் இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அதுதான் பெரிதாக இருந்தது.

உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் எனக்கு ஒரு வழி கிடைத்தது. நம் வழக்கப்படி வீடு வீடாகப் போய் நேரில் வைக்க வேண்டும் அல்லவா? உன்னைப் பற்றி நான் எந்தெந்த வாசலில் பேசினேனோ அந்த வாசல்களுக்கெல்லாம் எப்படியும் போயாக வேண்டும். பிஸ்கட் டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். காரில் ஏறியதும் அம்மாவிடம் முதலில் காட்டினேன். ஒயரையும் செடியையும் மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "இத எம்புள்ளகிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு வைத்தாள், பேச்சு இல்லை. மாமா வீட்டில் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு ஒயரைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதச் சொல்ல இத்தன வருசமா மச்சான்? அந்தப் புள்ளகிட்ட ஒரு போன் பேசாம இருந்துட்டேனே நான்" என்றார்.  இந்தக் கடிதத்தை நேரில் கொண்டுவருகிறேன் என்று அவராகவே சொன்னார். செல்வராஜ், "அண்ணே, நானுந்தான அன்னிக்குச் சிரிச்சேன்" என்று தலையைச் சொறிந்தார். அஜரத் ஒயரை வளைத்தும் நீட்டியும் பார்த்துவிட்டு, "பையன்கிட்ட நேர்ல கேட்டுடுங்க பாய், மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். டீக்கடையில் சொல்லத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. சொல்லி முடித்ததும் ஒருவன், "அப்ப சென்சாரு கோவிச்சுக்கலியா பாய்?" என்றான். "கோவிச்சுக்க வேண்டியவன் நம்ம ரியாஸ்தான்ப்பா, அவன் அதையும் செய்யல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அறிவுரை சொல்லாமல் கல்யாணக் கடிதம் முடியாது, ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நாளைக்கு உன் மனைவி ஒரு நாள், எனக்கு இங்கே என்னமோ சரியில்லை என்று சொல்வாள். நீ பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். என்ன சரியில்லை, எங்கே காட்டு என்று கேட்டுவிடாதே. நீ பார்க்கிற நேரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிற இழைகள் உண்டு. அவள் எப்போது, எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது அப்படி ஆனது என்று கேள், பக்கத்தில் உட்கார்ந்து கேள். அடியில் படுத்துப் பார்க்கச் சோம்பல்படாதே. அதே மாதிரி, "நல்லா இருக்கேன்" என்று அவள் சொன்னாலும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொள். உன் அம்மாவின் தையல் தழும்பு எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது, ஆனால் நான் கற்றுக்கொள்ளவில்லை. நீ கற்றுக்கொள்வாய். என்னைவிட நீ நல்லவன், பொறுமைசாலி, உன் அம்மா வளர்த்த பிள்ளை.

உறைக்குள் அந்த ஒயர் இருக்கிறது, செடியும் அப்படியே. கார்களுக்கு ஒயரிங் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாய், என்ன ஆனது என்று கையில் வாங்கியதுமே உனக்குத் தெரிந்துவிடும். வளைத்துப் பார். நீ சொன்னது உண்மை, ரியாஸ். நான் சொன்னதுதான் பொய். என்னை மன்னித்துவிடு.

பத்திரிகை வைக்க வேண்டிய எல்லா வீட்டுக்கும் போய்விட்டேன். நேரில் போகாமல் விட்டது ஒரு வீடுதான், ஓசூரில் இருக்கிற உன் அறை. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். வாடகைக் காரை வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மாட்டேன், உன் விருப்பம். இது கைக்கு வந்த ஒரு வாரத்துக்குள் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீ எது சொன்னாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். சரி என்று சொன்னால், கல்யாணத்தன்று காலையில் வெள்ளைக் காரை நான் ஓட்டுகிறேன், நீ முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார். மாப்பிள்ளை பின்னால்தான் உட்கார வேண்டும் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். நீடாமங்கலத்தில் வெண்ணாற்றுப் பாலம் தாண்டி வலங்கைமான் போகிற ரோட்டில் அப்போது உளுந்து காய்ந்துகொண்டிருக்கும், யாராவது ஒரு அம்மாள் ஏறிப் போகச் சொல்லிக் கையை ஆட்டுவாள். நான் வண்டியை மெதுவாக்கி உன் முகத்தைப் பார்ப்பேன். நீ ஏறச் சொன்னால் ஏறுவேன். "ஓரமாப் போங்க அத்தா" என்று சொன்னாயானால், இந்தத் தடவை ஓரமாகத்தான் போவேன்.

உன் அத்தா